வாசகர் கேள்வி பதில்: பார்ட்னர் வேணாம், ஷூ முக்கியம்

லைன் டான்ஸ் (ஜோடி இல்லாம எல்லாரும் வரிசையா நின்னு ஒரே ஸ்டெப்பை ஆடறது) பத்தி இந்த மாசம் ஏகப்பட்ட கேள்வி, முக்கால்வாசி இங்கிலாந்துல இருக்கற வாசகர்கள்கிட்டேர்ந்து. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு.

அக்கா, எனக்கு 52 வயசு. பக்கத்து சர்ச் ஹால்ல செவ்வாய்க்கிழமை நடக்கற லைன் டான்ஸ் கிளாசுக்கு போயிட்டிருக்கேன். கூட ஆடறவங்க பிளாக்பூல்ல நடக்கற ஒரு லைன் டான்ஸ் வீக்கெண்டுக்கு கூப்பிடறாங்க, வெள்ளி போய் ஞாயிறு திரும்பறது. வீட்டுக்காரர் "தெரியாத ஊர்ல தனியா போய் என்ன ஆடப்போற"ங்கறார். எனக்கும் உதறல்தான், தெரிஞ்ச டான்ஸே கொஞ்சம். போகலாமா?
- வாசகி, மில்டன் கீன்ஸ்

போங்க, ஆனா என்ன நடக்கும்னு தெரிஞ்சிக்கிட்டு போங்க, ஏன்னா முதல் ராத்திரி ஒரு சின்ன ஷாக் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூம் சாவி வாங்கி பையை போட்டுட்டு ஹாலுக்கு வந்தா டிஜே வரிசையா போட்டுட்டே இருப்பார், நூறு பேர் ஒரே மாதிரி திரும்பிட்டிருப்பாங்க, நீங்க கிளாஸ்ல கத்துக்கிட்டது ஒண்ணு கூட வராது. உங்களுக்கு ஆட வரலைங்கறது இதுக்கு அர்த்தம் இல்ல. லைன் டான்ஸ்ல வாராவாரம் புதுசு புதுசா வந்துட்டே இருக்கும், ஒரு டான்ஸோட ஆயுசு பெரும்பாலும் சில மாசம்தான். ஊர் ஊரா ஈவென்ட்டுக்கு போறவங்க புதுசை ஆடுவாங்க, உங்க சர்ச் ஹால் டீச்சர் நல்லா நிலைச்ச பழசை சொல்லிக்குடுப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல உள்ள இந்த இடைவெளி இந்த உலகத்துல ரொம்ப நாளா இருக்கற பஞ்சாயத்து. பழைய ஆளுங்க "தெரிஞ்ச கிளாசிக் போடுங்க"ம்பாங்க, மத்தவங்க "அதையே எத்தனை வருஷம் ஆடறது"ம்பாங்க, பாவம் டிஜே நடுவுல மாட்டிக்குவார். நான் பழசு பக்கம்தான், ஒளிச்சு வைக்கல.

அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு ஓரமா உக்காந்து பாருங்க, அதுல ஒரு வெட்கமும் இல்ல, அங்க பாதி பேர் எப்பவும் உக்காந்துதான் இருப்பாங்க. சனிக்கிழமை காலைலதான் உங்க நேரம். ஒர்க்‌ஷாப் ஆரம்பிக்கும், ஹெட்செட் மாட்டின டீச்சர் மேடையில நின்னு மியூசிக் இல்லாம எட்டு எட்டு கவுண்ட்டா நடந்து காட்டி, அப்புறம் மெதுவா, அப்புறம் பாட்டோட. ரெண்டு ரூம் இருந்தா ஒண்ணு பிகினர், இம்ப்ரூவர்னு (புதுசா வர்றவங்க, அதுக்கு அடுத்த படி) போட்டிருப்பாங்க, நேரா அங்க போங்க. பந்தாவுக்காக இன்டர்மீடியட் ரூம்ல போய் நிக்காதீங்க, மதியத்துக்குள்ள மூளை கொழகொழன்னு ஆயிடும். எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் போகணும்னு ஒரு சட்டமும் இல்ல, காலைல ரெண்டு டான்ஸ் ஒழுங்கா ஏறினாலே ராத்திரி அது வரும்போது நீங்களும் ஃப்ளோர்ல இருப்பீங்க, சொல்லிக்குடுத்த டீச்சரே பக்கத்து வரிசையில ஆடிட்டிருப்பாங்க. ஒரு டான்ஸ் கேக்கணும்னா டிஜேகிட்ட பாட்டுப் பேரை சொல்லாதீங்க, டான்ஸ் பேரை சொல்லுங்க. ஒரே பாட்டுக்கு நாலு டான்ஸ் இருக்கும். சில நேரம் ஃப்ளோரே ரெண்டா பிரிஞ்சு இந்தப் பாதி ஒண்ணு அந்தப் பாதி ஒண்ணுன்னு ஆடும், பயந்துடாதீங்க.

தனியா போறது பத்தி உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, இந்த டான்ஸ்ல தனியா வர்றவங்க நிறைய. பார்ட்னர் தேவையில்லாத டான்ஸ்ங்கறதாலதான் கணவரை இழந்தவங்க, டைவர்ஸ் ஆனவங்க, வீட்டுக்காரர் சோஃபாவை விட்டு எழுந்திரிக்காதவங்க எல்லாரும் இங்க வந்து சேர்றாங்க. பழக்கம் ஃப்ளோர்ல வராது, அங்க எல்லாரும் கவுண்ட் எண்ணிட்டிருப்பாங்க. காலை டிஃபன் டேபிள்லதான் வரும், "நேத்து அந்த மூணாவது டான்ஸ் பேர் என்ன"ன்னு ஒரு கேள்வி கேளுங்க போதும், அப்புறம் அவங்க நிறுத்த மாட்டாங்க. கோஷ்டி இருக்கும், அதையும் சொல்லிடறேன். வருஷக்கணக்கா அதே டேபிள் அதே நாற்காலின்னு உக்கார்றவங்க, புது ஆள் உக்காந்தா ஒரு பார்வை பார்ப்பாங்க. உங்க கிளாஸ் ஆளுங்க கூட இருக்கறதால அது உங்களுக்கு பெருசா படாது.

உங்க கடிதத்துல கடைசியா சின்னதா ஒண்ணு கேட்டிருந்தீங்க, நம்மள மாதிரி ஆள் யாராவது இருப்பாங்களான்னு. இங்கிலாந்துல பெரும்பாலும் வெள்ளைக்கார பெண்கள்தான், ஐம்பது தாண்டினவங்க. ஆனா நீங்க கிளாஸ்ல ஆடற டான்ஸோட ஸ்டெப் ஷீட்டை (ஸ்டெப் எல்லாம் வரிசையா எழுதின தாள்) எடுத்து மேல டான்ஸை அமைச்சவங்க பேரைப் பாருங்க, கொரியா, இந்தோனேசியா, மலேசியா, தைவான்னு வரும், ஆசியாவுல இது அவ்வளவு பெருசு. வெஜிடேரியன்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, அங்க போய் சொன்னா ரெண்டு நாளும் சிப்ஸ்தான். சிங்கிள் ரூமுக்கு தனியா எக்ஸ்ட்ரா கேப்பாங்க, கிளாஸ்ல யாரோடயாவது ஷேர் பண்ணிக்கங்க, குறட்டை விடறவங்களான்னு முதல்லயே கேட்டுக்கங்க.

நோட்டீஸ்ல "32 கவுண்ட், 4 வால்"னு போட்டிருக்கு. சுவத்துக்கும் டான்ஸுக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகர், ரெடிங்

32 பீட்ல ஸ்டெப் முடியும். முடியும்போது கால் வட்டம் திரும்பியிருப்பீங்க, அதாவது பக்கத்து சுவரைப் பார்த்து நிப்பீங்க, அங்கேர்ந்து அதே 32 மறுபடி. நாலு தடவை ஆடினா பழையபடி மேடையைப் பார்ப்பீங்க. 2 வால்னா அரை வட்டம், முன்னாடி பின்னாடி மட்டும். பாட்டு எப்பவும் 32க்கு அழகா பொருந்தாது, அதனால நடுவுல பாதியில விட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கறது ரீஸ்டார்ட், கூட நாலோ எட்டோ கவுண்ட் ஒட்டறது டேக். தப்பு நடக்கறதெல்லாம் இந்த ரெண்டு இடத்துலதான்.

முன் வரிசையில நின்னா பார்த்து ஆட முன்னாடி யாரும் இல்ல, கடைசி வரிசையில நின்னா ஒளிஞ்சுக்கலாம்னு பார்த்தா திடீர்னு நான்தான் முதல் ஆளா நிக்கறேன்! எங்கதான் நிக்கறது?
- வாசகி, ஸ்லோ

நட்ட நடுவுல. மேல சொன்ன 4 வால் கதைதான், திரும்பத் திரும்ப கடைசி வரிசை முதல் வரிசை ஆயிடும், ஓரம் முன்பக்கம் ஆயிடும். நடுவுல நின்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்து ஆட ஒருத்தர் இருப்பாங்க. இது தெரிஞ்ச டான்ஸுக்கு, இல்லன்னா பாதியாவது தெரிஞ்ச டான்ஸுக்கு. சுத்தமா தெரியாததுன்னா ஃப்ளோருக்கு வெளிய, டேபிள் பக்கம் நின்னு காலை மட்டும் அசைச்சுப் பாருங்க, நடுவுல நின்னு தடுமாறினா நாலு பேர் இடிச்சுக்குவாங்க. சுத்தி ஓரமா ஜோடி ஜோடியா சில பேர் போயிட்டிருந்தா அது அவங்க பாதை, அங்க நிக்காதீங்க. கையில ஜூஸ் டம்ளரோட ஃப்ளோர் குறுக்க நடக்கறவங்களைத்தான் எனக்குப் பிடிக்காது, ஒரு சொட்டு ஜூஸ் போதும் ஒருத்தர் இடுப்பு உடைய.

தொப்பி, பூட்ஸ் கட்டாயமா? முழங்கால் வலி வேற இருக்கு.
- வாசகி, ஹாரோ

தொப்பி வேணாம். கௌபாய் வேஷத்தோட இந்த டான்ஸ் உலகம் முழுக்க பரவினது 1992ல, பில்லி ரே சைரஸ், அதாங்க மைலி சைரஸோட அப்பா, "ஏக்கி பிரேக்கி ஹார்ட்" பாடினாரே, அந்த வீடியோவுல கூட்டமா ஆடினதைப் பார்த்து உலகம் முழுக்க கிளாஸ் முளைச்சுது. பிரிட்டன்ல அந்த அலை அடிச்ச வேகத்துக்கு 1997ல ஸ்டெப்ஸ்னு ஒரு பாப் குரூப் முதல் பாட்டே லைன் டான்ஸ் பாட்டா போட்டு வந்தாங்க. ஆனா வரிசையா ஆடறது அதுக்கு முன்னாடியே டிஸ்கோ காலத்துல இருந்துச்சு, எலெக்ட்ரிக் ஸ்லைட்னு ஒண்ணு இருக்கு, எழுபதுகள்ல வந்தது, கறுப்பின அமெரிக்கர்கள் கல்யாணத்துல இன்னிக்கும் அது இல்லாம நடக்காது. 2024ல பாடகி பியான்சேயோட "டெக்சஸ் ஹோல்டம்" பாட்டு வந்தப்ப சின்னப் பொண்ணுங்க கூட்டமா கிளாசுக்கு வந்தாங்க, அப்பவும் கடைக்காரங்களுக்கு தொப்பி வித்துது. இப்ப வீக்கெண்ட்ல பாப், லத்தீன், ஐரிஷ்னு எல்லாம் போடறாங்க, ஜீன்ஸ் டாப் போதும். சனிக்கிழமை ராத்திரிக்கு மட்டும் கொஞ்சம் மினுமினுன்னு ஏதாவது எடுத்துக்கங்க.

பணத்தை ஷூவுல போடுங்க. ஓடற ஷூவோட ரப்பர் அடி தரையைப் பிடிச்சுக்கும், உடம்பு திரும்பும் பாதம் திரும்பாது, மொத்த முறுக்கும் முழங்கால்ல போய் இறங்கும். லெதர் இல்ல ஸ்வேட் அடி போட்ட டான்ஸ் ஷூ வாங்கிக்கங்க. முழுச் சுத்து வர்ற இடத்துல சுத்தாம நேரா நடந்துடலாம், கவுண்ட் சரியா இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. வலி தொடர்ந்து இருந்தா ஃபிசியோவைப் பாருங்க, பத்திரிகைக்கு எழுதிட்டிருக்காதீங்க.

டான்ஸ் ஆடினா மறதி நோய் வராதுன்னு பையன் வாட்ஸப்ல அனுப்பறான். நிஜமா?
- வாசகர், பர்மிங்காம்

அதோட மூலம் 2003ல நியூ இங்லண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஒரு ஆய்வு, நியூயார்க்ல 75 வயசு தாண்டின 469 பேரை சில வருஷம் கவனிச்சது. உடம்பை அசைக்கற பழக்கங்கள்ல டான்ஸுக்கு மட்டும்தான் டிமென்ஷியா ஆபத்து குறைவா இருந்ததோட சம்பந்தம் தெரிஞ்சுது, புத்தகம் படிக்கறது, செஸ் மாதிரி போர்ட் கேம் ஆடறதுக்கும் தெரிஞ்சுது. ஆனா ஆடினதால நல்லா இருந்தாங்களா, நல்லா இருந்ததால ஆடினாங்களான்னு அந்த மாதிரி ஆய்வால சொல்ல முடியாது. "வராது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நம்ம பாட்டுக்கு லைன் டான்ஸ் போட முடியுமா? தமிழ்ச் சங்க பொங்கல் விழாவுக்கு கேக்கறாங்க.
- வாசகி, லெஸ்டர்

தாராளமா. கும்மியில பாட்டுக்கு ஏத்த மாதிரி அடி வைக்கறோமே, அதை வட்டம் இல்லாம வரிசையில வைக்கப்போறீங்க, அவ்வளவுதான். சிக்கல் சினிமாப் பாட்டோட இடையிசைல வரும், பல்லவி எட்டு எட்டா அழகா போகும், நடுவுல வயலின் வந்து திடீர்னு தாளத்தை மாத்திடும், இல்ல நாலு பீட் கூட வெச்சுடும். அதனால பாட்டை முழுக்க ஒரு தடவை பேப்பர்ல எட்டு எட்டா கோடு போட்டு எண்ணிப் பாருங்க, எங்க உடையுதோ அங்க டேக் வைங்க, இல்ல அந்தத் துண்டை வெட்டிடுங்க. குத்துப் பாட்டுல ஷஃபிள் ஸ்டெப் (ரெண்டு பீட்ல மூணு அடி) ரொம்ப நல்லா உக்காரும். விழாவுக்கு வர்றவங்க அன்னிக்கே கத்துக்கிட்டு ஆடணும்னா 32 கவுண்ட்டுக்கு மேல போகாதீங்க, 2 வால் போதும், புடவையில வர்றவங்களுக்கு வேகமான கால் சுத்து வேணாம். அமைச்ச உடனே ஸ்டெப் ஷீட் எழுதி வெச்சுடுங்க, அடுத்த பொங்கலுக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.