வாடை பழகிப்போன ஆலைதான் ஆபத்தான ஆலை

ஐஸ் கம்பெனி, மீன் ஆலை, குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றில் அமோனியா கேஸோடு புழங்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், தென்கடற்கரை ஆலைகளில் கம்ப்ரசர் ஆபரேட்டராகவும் ஃபோர்மேனாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.

அண்ணாச்சி, நான் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்க்கிறேன். காலை ஷிப்டில் அடிக்கடி அமோனியா வாடை வரும். கேட்டால், "கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்" என்கிறார் சூப்பர்வைசர். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வேலை செய்தால் போதுமா?
— வாசகி, தூத்துக்குடி

போதாது தங்கச்சி. ஈரத்துணி, வெளியே ஓடும் அந்தச் சில நிமிடங்களுக்குத்தான். அமோனியாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். துணியில் உள்ள ஈரம் அதில் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவே. அதே குணத்தால்தான் அது கண், தொண்டை, நெஞ்சு, வியர்த்த அக்குள் என்று ஈரமான இடமாகப் பார்த்துச் சுடுகிறது.

காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்கு இருந்தாலே பலருக்கும் வாடை தெரிந்துவிடும். நாள் முழுக்க வேலை பார்க்கும் இடத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். 300 பங்கு என்றால் அங்கே நிற்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. ஆனால் மூக்கு மீட்டர் இல்லை. தினமும் முகர்ந்தால் அதற்குப் பழகிவிடும். 30 பங்குக்கும் 10 பங்குக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். வாடை வருகிறது என்றால் எங்கோ ஒரு கிளாண்டிலோ (தண்டைச் சுற்றிக் கேஸ் கசியாமல் அடைக்கும் இடம்) வால்விலோ கசிவு இருக்கிறது, அதை யாரும் சரிசெய்யவில்லை என்று அர்த்தம். நன்றாகப் பராமரிக்கும் ஆலையில் கம்ப்ரசர் அறைக்குள்ளேயே வாடை இருக்காது. உரிக்கும் ஷெட் வரை வருவதை என்னால் ஏற்கவே முடியாது.

2024 ஜூலையில் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்து, சுமார் 30 பெண்கள் மயங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை பார்த்த பிள்ளைகளும் அதில் உண்டு. சுவரில் "அவசர வழி" என்று தமிழில் எழுதி வைத்தால் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவர்கள் மொழியிலும் எழுத வேண்டும். எழுதியதோடு விடாமல், சங்கை ஊதி எல்லாரையும் ஒருமுறை வெளியே நடத்திக் காட்ட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் மேஜையிலிருந்து பக்கத்துக் கதவு எது, அது பூட்டியிருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். சரக்குத் திருட்டுக்குப் பயந்து பின்கதவைப் பூட்டி வைக்கும் ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு வயிறு கலங்கும். வெளியே வந்ததும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக நடந்து விலகி, அப்புறம் காற்று வரும் திசைக்குப் போங்கள். கூரை மேல் ஒரு துணிக்கொடி கட்டச் சொல்லுங்கள், செலவே இல்லை. அப்படியும் ஆலை நிர்வாகம் அசையவில்லை என்றால், நாலைந்து பேராகச் சேர்ந்து தொழிலகப் பாதுகாப்புத் துறை ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

எங்களுடையது அப்பா காலத்து ஐஸ் பிளான்ட். ஆபரேட்டர் அனுபவசாலி. இரவில் தனியாகவே ஆயில் டிரெயின் செய்துவிடுவார். ஏதாவது கவனிக்க வேண்டுமா?
— வாசகர், மண்டபம்

முதலில் அந்த "தனியாக" என்பதை நிறுத்துங்கள். ஐஸ் பிளான்ட்டில் என்னைக் கேட்டால் இதைவிட ஆபத்தான வேலை கிடையாது.

கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் கேஸோடு போய்விடும். அமோனியா திரவம் ஆயிலைவிட லேசு. அதனால் திரவம் நிற்கும் பாத்திரத்தின் அடியில் ஆயில் போய்த் தங்கும். அதை அடிவால்வு வழியாக எடுக்கிறோம். குளிரில் அந்த ஆயில் கெட்டியாக இருக்கும், வராது. ஆபரேட்டர் வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறப்பார். அப்போதும் வராது. திடீரென்று அடைப்பு விட்டு ஆயில் கொட்டும், அதன் பின்னாலேயே திரவ அமோனியா வரும். திரவம் வெளியே வந்தால் 800 மடங்குக்கும் மேல் கேஸாக விரியும். அந்த நேரத்தில் கை, வால்வைத் தேடும், கண் திறக்காது.

அதற்காகத்தான் இரண்டு வால்வு. ஒன்று சாதாரண அடைப்பு வால்வு. மற்றொன்று ஸ்பிரிங் வால்வு, கைப்பிடியை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ஆள் மயங்கினாலும் ஓடினாலும் மூடிவிடும். இன்றைக்கே போய் அது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிளான்ட்டுகளில் கை வலிக்கிறது என்று கட்டுக்கம்பி போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கம்பியை நீங்களே வெட்டி எறியுங்கள்.

டிரெயின் செய்யும் முன் அந்தப் பாத்திரத்துக்கு வரும் லைனை மூடி, உள்ளே இருக்கும் திரவத்தைக் கம்ப்ரசர் இழுக்கவிட்டு, அழுத்தம் இறங்கிய பிறகே தொட வேண்டும். பகலில் செய்யுங்கள். கண்ணாடி, ரப்பர் கையுறை, மாஸ்க், காற்று முதுகுப் பக்கம், எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய், கூப்பிடு தூரத்தில் இன்னொரு ஆள். டீ குடிக்கப் போய்விட்டு வரலாம் என்று வால்வைத் திறந்து வைத்துவிட்டு ஒருவரும் நகரக் கூடாது. மாஸ்க்கை அறைக்குள் மாட்டாதீர்கள், கசிவு வந்தால் எடுக்க உள்ளே போகவா முடியும்? வெளிச்சுவரில் மாட்டுங்கள். வடிகட்டி டப்பா வைத்த மாஸ்க் சிறு கசிவுக்குத்தான். வெண்புகை நிற்கும் அறைக்குள் காற்று சிலிண்டர் இல்லாமல் யாரையும் அனுப்ப வேண்டாம்.

மண்டபம் உப்புக்காற்று. தெர்மாகோல் சுற்றிய குழாயில் உள்ளுக்குள்ளேயே துரு ஓடும், வெளியே தெரியாது. ஈரம் கசியும் இடங்களில் உறையைப் பிரித்துப் பாருங்கள். அவசரத்துக்குப் பித்தளை வால்வு எதையும் மாட்டிவிடாதீர்கள், அமோனியா செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும்.

கரண்ட் போய் வந்ததும் எங்கள் ஆபரேட்டர் எல்லா அலாரத்தையும் அமுக்கிவிட்டு உடனே பிளான்ட்டை ஓட்டுகிறார். சரிதானா?
— மேற்பார்வையாளர், நாகப்பட்டினம்

சரியில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலம் தியடோரில் 2010 ஆகஸ்ட் 23 அன்று நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். கோழி இறைச்சி ஏற்றுமதிக் கிடங்கு. முதல் நாள் ஏழு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. திரும்ப ஓட்டும்போது, ஃப்ரீசர் காயிலின் (குளிரூட்டும் குழாய்ச் சுருள்) பனியைச் சூடான கேஸ் விட்டு உருக்கிக்கொண்டிருந்த வேலை பாதியில் இருந்தது. அலாரத்தை நீக்க ஆபரேட்டர் கன்ட்ரோலை ரீசெட் செய்ததும், அது நேராகக் குளிரூட்டத் தொடங்கிவிட்டது. சூடான கேஸும் குளிர்ந்த திரவமும் மோதிய அதிர்ச்சியில் கூரை மேல் 12 அங்குலக் குழாய் பிளந்தது. சுமார் 14.5 டன் அமோனியா போனது. காற்றுப் போக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 150 பேருக்கு மேல் அதைச் சுவாசித்தார்கள், 32 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

கரண்ட் வந்தால் முதலில் எந்த ஃப்ரீசர் எந்த நிலையில் நின்றது என்று பார்க்க வேண்டும். பனி உருக்கும் நிலையில் நின்றிருந்தால் அந்தக் காயிலில் உள்ள அழுத்தத்தை மெதுவாக இறக்கிய பிறகே குளிரூட்டத்துக்கு மாற்ற வேண்டும். அரை மணி நேரம் போகட்டும், ஐஸ் உருகிவிடாது.

குளிர்பதனக் கிடங்கில் வைத்த சிவப்பு வெங்காயம் மேல்தோல் பச்சைகலந்த கறுப்பாகிவிட்டது. கேஸ் பட்டிருக்குமா?
— வியாபாரி, திண்டுக்கல்

இருக்கலாம். சிவப்பு வெங்காயத்தில் அமோனியா பட்டால் மேல்தோல் அப்படித்தான் மாறும், மஞ்சள் வெங்காயம் பழுப்பாகும். பூஞ்சையாகவும் இருக்கலாம், கையால் தேய்த்தால் கரித்தூளாக வந்தால் அது பூஞ்சை. நிறம் மட்டும் மாறியிருந்தால் சரக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன், உள்ளே போய் மூட்டை தூக்கும் ஆட்களை நிறுத்திவிட்டு, கிடங்குக்காரரைக் காயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கசிவின் மேல் தண்ணீர் அடிக்கலாமா? ஆள் மேல் பட்டால் என்ன செய்வது?
— ஐடிஐ மாணவர், ராமநாதபுரம்

தம்பி, காற்றில் பரவும் புகை மேல் தண்ணீரைச் சாரலாக அடிக்கலாம், அது கரைத்துப் பிடிக்கும். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் அடிக்கவே கூடாது. அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு. நீ ஊற்றும் தண்ணீரின் சூட்டில் இன்னும் வேகமாகக் கேஸாகக் கிளம்பும். அமோனியா காற்றைவிட லேசு என்று புத்தகத்தில் படித்திருப்பாய், அது சரி. ஆனால் திரவமாகக் கசியும்போது குளிர்ந்த வெண்புகை தரையோடு தவழும், லேசு என்பதை நம்பி உட்கார்ந்து ஊர்ந்து போகாதே.

ஆள் மேல் பட்டால் நனைந்த துணியைக் கழற்றி, 15 நிமிடமாவது தண்ணீர் விடு. துணி உறைந்து தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதே, தண்ணீர் விட்டு இளகிய பிறகு எடு. கண் என்றால் இமையை விரலால் பிரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும், அவரே திறக்க மாட்டார். களிம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். கழுவும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். கேஸைச் சுவாசித்தவர் எழுந்து உட்கார்ந்து "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் வீட்டுக்கு அனுப்பாதே. தொண்டையும் நெஞ்சும் சில மணி நேரம் கழித்து வீங்கலாம். அன்று இரவு அவர் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும்.