குளத்துச் சிறு மீன்களுக்கு எந்தத் தூண்டில் முள், எந்த இரை?

தூண்டில் நூலில் மிதக்கும் தக்கை ஆடுகிறது, இரை காணாமல் போகிறது, மீன் மட்டும் மாட்டவில்லை என்றால் பெரும்பாலும் முள் பெரிது. கையகல மீன்களின் வாய் சின்னது. 8 முதல் 12 வரை எண்ணுள்ள முள்தான் சரி. எண் கூடக் கூட முள் சிறிதாகும், அதை மறந்து 2, 4 வாங்கிவிடாதீர்கள். தண்டு நீண்ட, மெல்லிய கம்பி முள்ளாக எடுங்கள். மீன் விழுங்கிவிட்டாலும் கழற்றுவது சுலபம்.

இரைக்கு மண்புழுவை மிஞ்ச எதுவும் இல்லை. முழுப் புழுவைத் தொங்கவிட்டால் வாலை மட்டும் கடித்து இழுத்துப் போகும். 2 செ.மீ. துண்டு போதும்: முள்ளின் வளைவை மூடும்படி கோத்து, நுனி மட்டும் லேசாக வெளியே தெரியட்டும். வெளுத்துத் துவண்ட துண்டை உடனே மாற்றுங்கள். மாவு இரை என்றால் பட்டாணி அளவு. தளர்வாகப் பிசைந்தால் வீசும்போதே உதிர்ந்துவிடும்.

தக்கையும் சிறியதாக இருக்கட்டும். பெரிய தக்கையின் இழுப்பு தெரிந்ததும் மீன் இரையைத் துப்பிவிடும்.