இருநூறு டாலர் துப்பாக்கியை நம்பலாமா? வாசகர் கேள்விகள்

ஹூஸ்டன் பக்கம் ஒரு சுடுதளத்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அமெரிக்கத் தமிழர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் விலையைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் சொல்லும் சட்டமெல்லாம் அமெரிக்கச் சட்டம். இந்தியாவில் இருப்பவர்கள் வேடிக்கைக்குப் படிக்கலாம்.

*கடையில் ஹை-பாயிண்ட் சி9 பிஸ்டல் ஏறக்குறைய 200 டாலர். அதே கண்ணாடிப் பெட்டிக்குள் கிளாக் 19, 550 டாலர். இரண்டும் 9 மி.மீ. வீட்டுக் காவலுக்கு மலிவானது போதாதா? சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.*
– சான் அன்டோனியோ வாசகர்

சிரிப்பவர்களில் எத்தனை பேர் அதைச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். ஒருவர்கூட இருக்கமாட்டார்.

அது ஏன் மலிவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிளாக் போன்ற பிஸ்டலில், சுட்ட கணத்தில் குழலும் மேலே இருக்கும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் போகும். குண்டு வெளியேறி, உள்ளே அழுத்தம் இறங்கிய பிறகுதான் பூட்டு விடும். இதற்கு நுணுக்கமான எந்திர வேலை வேண்டும். காசு அங்கேதான் போகிறது. ஹை-பாயிண்டில் பூட்டே கிடையாது. ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. 9 மி.மீ. தோட்டாவை அப்படித் தாங்க வேண்டுமென்றால் ஸ்லைடு கனமாக இருந்தே தீர வேண்டும். அதைத் துத்தநாகக் கலவையில் அச்சில் வார்த்துவிடுகிறார்கள். குழல் எஃகுதான். ஆகவே சி9 ஏறக்குறைய 820 கிராம், கிளாக் 19 ஏறக்குறைய 600 கிராம். சி9-ஐக் கையில் எடுத்தால் அம்மிக் குழவியைத் தூக்கிய மாதிரி இருக்கும். இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்க நடக்க லாயக்கில்லை. கட்டில் பக்கத்தில் வைப்பதற்கு எடை ஒரு குறையா என்ன?

உண்மையான குறைகள் வேறு. தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசினில் 8 தோட்டா மட்டும், கிளாக்கில் 15. விரலால் இழுக்கும் விசை கரடுமுரடானது. கழற்றித் துடைக்க ஊசியும் சுத்தியும் வேண்டும், ஆகவே பலர் துடைப்பதே இல்லை. மேகசினின் வாய் கொஞ்சம் வளைந்தாலும் தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். மறுபக்கம், ஓஹியோவில் இருக்கும் அந்த நிறுவனம் எத்தனையாவது கையில் இருந்தாலும் ஆயுள் முழுக்கப் பழுதுபார்த்துத் தருகிறது. 550 டாலர் கொடுத்து வாங்கிய பொருளுக்கு எல்லாரும் இப்படிச் செய்வதில்லை.

விலை கூடினால் கோளாறு வராது என்பதும் பொய். அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தன் கைத்துப்பாக்கியாகத் தேர்ந்தெடுத்தது சிக் சாவர் பி320-இன் ஒரு வடிவத்தை. அதே ஆண்டு ஆகஸ்டில், கடைகளில் விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானாகவே வெடிக்கலாம் என்று வெளியே வந்தது. நிறுவனம் விசைப் பாகங்களை இலவசமாக மாற்றிக்கொடுத்தது. ரூகர் எல்சிபி 2008-இல் வெளிவந்து, அதே ஆண்டிலேயே அதே மாதிரிக் கோளாறுக்காகத் திரும்பப் பெறப்பட்டது. பிரேசிலின் டாரஸ், கீழே விழுந்தால் வெடிக்கும் என்று போடப்பட்ட வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2015-இல் சமரசத்துக்கு வந்தது. அதில் ஒன்பது மாடல்கள், ஏறக்குறைய பத்து லட்சம் பிஸ்டல்கள். ஒரு விஷயத்தையும் மறக்காதீர்கள்: அமெரிக்காவில் பொம்மையையும் இஸ்திரிப் பெட்டியையும் திரும்பப் பெறச் சொல்ல நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. துப்பாக்கி அதன் அதிகாரத்துக்குள் வராது. தயாரிப்பாளர் மனம் வைத்தால்தான் அழைப்பு வரும்.

ஆகவே உங்கள் கைக்கு வந்த அந்த ஒரு துப்பாக்கியை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். சந்தையில் மண்பானை வாங்குகிறவர் விரலை மடக்கித் தட்டிப் பார்க்காமல் எடுப்பதில்லை. இங்கே தட்டிப் பார்ப்பது என்றால் 200 சாதாரணத் தோட்டாவும், காவலுக்கு வைக்கப்போகும், நுனியில் குழி உள்ள ஹாலோபாயிண்ட் தோட்டாவில் 50-ம். அந்த ஐம்பது சிக்கலில்லாமல் ஓட வேண்டும். சாதாரணத் தோட்டா ஒன்று கால் டாலர், மற்றது ஒரு டாலர் என்று வைத்தால் நூறு டாலர் ஆகிறது. துப்பாக்கிக்கு மட்டும் காசு எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களிடம்தான் எனக்கு எரிச்சல்.

இன்னும் நூறு புரட்ட முடியுமா? 300 முதல் 350 டாலருக்குள் ஸ்மித் அண்ட் வெஸனின் எஸ்டி9, டாரஸின் ஜி3சி கிடைக்கும். நான் அங்கேதான் நிற்பேன்.

*எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா? முடியாதென்றால் குடியுரிமை பெற்ற நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாமா?*
– பிளேனோ வாசகர்

குடியேற்றமல்லாத விசாவில் உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எச்-4 விசாவில் மனைவி இருந்தால் அவருக்கும் அதுவே. மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் ஒரு விதிவிலக்கு உண்டு; அதை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரிடம் பேசுங்கள், என்னைப் போன்ற பயிற்சியாளரிடம் அல்ல. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

நண்பர் யோசனையை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தின் கேள்வியே "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்பதுதான். தடை உள்ள ஒருவருக்காக வாங்கிக்கொடுத்தால் 2022-இல் வந்த சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. நண்பருக்குச் சிறை, உங்களுக்கு விமானம்.

*புதிதாக வாங்கிய மலிவு பிஸ்டல் மூன்று, நான்கு தோட்டாவுக்கு ஒருமுறை சிக்குகிறது. கடைக்காரர் "ஓட ஓடச் சரியாகும்" என்கிறார். என் மனைவி சுடும்போது இன்னும் மோசம்.*
– அட்லாண்டா வாசகர்

ஐம்பது தோட்டா வரை கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாம். அதற்கு மேலும் அதையே சொன்னால் துப்பாக்கியைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால், குற்றவாளி யார் என்று கண்டுபிடியுங்கள்.

போன வருடம் என் வகுப்புக்கு ஒருவர் வந்தார். பிஸ்டல் விலை 260 டாலர். சிக்காத நேரம் குறைவு. வெற்றுக்கூடு வெளியே பறக்காமல் ஸ்லைடின் வாயில் செங்குத்தாக, புகைக்குழாய் போல நிற்கும். அவர் வெறுத்துப்போய் விற்கத் தயாராக இருந்தார். அதை வாங்கி நான் பத்துத் தோட்டா சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அவர் மணிக்கட்டைப் பார்த்தால் ஒவ்வொரு வெடிக்கும் தளர்ந்து மேலே போகிறது. ஸ்லைடு பின்னால் போக, கீழே பிடியோடு சேர்ந்த சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். கையும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைடு பாதி வழியில் களைத்துவிடும். சிறிய, எடை குறைந்த பிஸ்டல்களில் இது கூடுதலாகத் தெரியும். கையை இறுக்கச் சொன்னேன், முக்கால்வாசிச் சிக்கல் போய்விட்டது.

மிச்சம் கால்வாசி இருந்தது. அவரிடம் இரண்டு மேகசின்கள். மகளின் நகப்பூச்சு காரில் கிடந்தது. அதை எடுத்துவரச் சொல்லி ஒன்றின் அடியில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு புள்ளி வைத்தோம். அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது: சிக்கியதெல்லாம் இரண்டு புள்ளி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வாயின் இடது உதடு கொஞ்சம் விரிந்திருந்தது. முப்பது டாலரில் புது மேகசின் வாங்கினார். துப்பாக்கியை விற்கவில்லை.

உங்கள் மனைவிக்கு மோசமாக இருப்பது மணிக்கட்டாகத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்லாதீர்கள். பிடி அவர் கைக்குப் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

*வாடகை வீட்டுப் பரணில் பழைய ரேவன் எம்பி-25 பிஸ்டல் கிடந்தது. வீட்டுக்காரர் "நீயே வைத்துக்கொள்" என்கிறார். சின்னதாக, பளபளவென்று அழகாக இருக்கிறது.*
– லாஸ் ஏஞ்சலஸ் வாசகர்

தோட்டா இருக்கிறதா என்று பார்க்கக்கூட நீங்கள் தொட வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி ஒப்படைக்கும் வழி கேளுங்கள். கலிஃபோர்னியாவில் கைமாற்றம்கூட உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் நடக்க வேண்டும். "வைத்துக்கொள்" என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமையில்லை.

அதன் கதை நீளமானது. 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாட்டுக்குப் பயன்படாத சிறு மலிவுத் துப்பாக்கிகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதைத் தடுத்தது. உள்நாட்டில் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. 1970-இல் ரேவன் நிறுவனம் தொடங்கியது. பிறகு அதைத் தொடங்கியவரின் குடும்பமும் உறவினரும் நண்பர்களுமாக ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லார்சின் என்று லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி வளையம் போட்டார்கள். எல்லாம் துத்தநாக வார்ப்பு. ஊரில் இவற்றுக்குப் பெயர் "சனிக்கிழமை ராத்திரிச் சரக்கு".

பிரைகோவின் ஒரு மாடலைப் பற்றிச் சொன்னால் போதும். தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடை இழுக்க முடியாது. அதாவது தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை முதலில் விடுவிக்க வேண்டும். 1994-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருந்த இளைஞர் ஆபத்தைத் தவிர்ப்பதற்காகத் தோட்டாவை எடுக்க முயன்றார். வெடித்தது. ஏழு வயதுச் சிறுவனுக்குக் கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று. 2003-இல் நடுவர் குழு, நிறுவனமும் அதைச் சேர்ந்தவர்களும் ஏறக்குறைய 2.4 கோடி டாலர் தர வேண்டும் என்றது. பிரைகோ உடனே திவால் மனுப் போட்டது. மறு ஆண்டு நிறுவனம் ஏலத்துக்கு வந்தபோது, மிச்சத் துப்பாக்கிகளை உருக்கிவிடுவதற்காக அந்தப் பையனே நன்கொடை திரட்டி ஏலம் கேட்டான். கிடைக்கவில்லை. அங்கே மேற்பார்வையாளராக இருந்த பழைய ஊழியர் 5,10,000 டாலருக்கு எடுத்து, வேறு பெயரில் அதே தொழிலைத் தொடர்ந்தார்.

ஹை-பாயிண்டையும் இவற்றையும் ஒரே தட்டில் வைப்பவர்களுடன் நான் சண்டை போடுவதும் இதனால்தான். இரண்டும் துத்தநாகம். ஆனால் ஒன்றை வடிவமைத்தவர், வாங்குகிறவரின் வீட்டை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

*கலிஃபோர்னியாவில் விற்க அனுமதித்த கைத்துப்பாக்கிகளின் அங்கீகாரப் பட்டியலில் இருந்தால் நம்பகமானது என்று எடுத்துக்கொள்ளலாமா?*
– ஃப்ரீமான்ட் வாசகர்

ஓரளவு. மேலே சொன்ன சரக்குகளைத் துரத்தத்தான் 2001-இல் அந்தப் பட்டியலுக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாடலில் மூன்று துப்பாக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுடுவார்கள். முதல் இருபது தடங்கலில்லாமல் போக வேண்டும். ஒரு துப்பாக்கியின் 600-க்கும் சேர்த்து ஆறு தடங்கலுக்கு மேல் கூடாது. கீழே போட்டும் பார்ப்பார்கள். நல்ல சோதனை. ஆனால் சோதித்தது அந்த மூன்றை, உங்களுடையதை அல்ல.

*ரிவால்வர் சிக்காது என்கிறார்களே? மலிவாக ஒன்று வாங்கிவிட்டால் போதுமா?*
– நியூ ஜெர்சி வாசகி

சிக்கும், குறைவாக. எடை குறைந்த ரிவால்வரில் அதிர்ச்சியால் தோட்டாவின் குண்டு முன்னால் நழுவி, தோட்டாக்கள் இருக்கும் உருளையைச் சுழலவிடாமல் தடுக்கும். வெற்றுக்கூடுகளைத் தள்ளும் நட்சத்திர வடிவப் பாகத்தின் அடியில் எரியாத மருந்துத்துகள் மாட்டினாலும் அதே கதி. பிஸ்டல் சிக்கினால், மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுத்தால் இரண்டு நொடியில் சரியாகும். ரிவால்வர் சிக்கினால் மேசையும் கருவியும் வேண்டும். 150 டாலருக்குக் கிடைக்கும் கௌபாய் பாணி .22 ரிவால்வரைக் காவலுக்கு எடுக்காதீர்கள்: ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். தவிர .22 தோட்டாவில் தீமருந்து விளிம்பைச் சுற்றி இருப்பதால் அது வெடிக்காமல் போவதும் கூடுதல்.

*போலீஸ் பயன்படுத்திய பழைய துப்பாக்கி?*
– ஆஸ்டின் வாசகர்

வாங்குங்கள். எஃப்பிஐ 9 மி.மீ.க்குத் திரும்பியதும் பல காவல் துறைகளும் சற்றுப் பெரிய .40 தோட்டாவுக்கான துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டு மாறின. அப்படி வந்த, .40 தோட்டாவுக்கான கிளாக் 22-கள் புதியதைவிட வெகு மலிவு. உறையில் உரசி வெளிப்பூச்சு போயிருக்கும். உள்ளே அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுங்கள். .40 கொஞ்சம் கடுமையாக உதைக்கும்.

*எட்டு வயது மகன் இருக்கிறான். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். அலமாரியின் மேல் தட்டில் வைத்தால் போதாதா?*
– கேட்டி வாசகர்

போதாது. தீபாவளிப் பலகாரத்தை எங்கே ஒளித்துவைத்தாலும் கண்டுபிடித்த வயது நமக்கும் இருந்தது. டெக்ஸாஸில் கவனக்குறைவாக விட்டு, தோட்டா போட்ட துப்பாக்கி 17 வயதுக்குட்பட்டவர் கைக்குப் போய்விட்டால் அது குற்றமும்கூட. பிள்ளைகள் மட்டுமில்லை, இந்த நாட்டில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனம் ஒடிந்திருக்கும் காலமென்றால் உங்கள் மனைவி சொல்வதே சரி, வாங்காதீர்கள்.

கடையில் துப்பாக்கியோடு ஒரு பூட்டு கொடுப்பார்கள். 2005-இல் வந்த சட்டப்படி அது கட்டாயம். ஆனால் அந்தக் கம்பிப் பூட்டு காலித் துப்பாக்கிக்குள் நுழைப்பது. தோட்டாவோடு வைத்துக்கொள்ள அது உதவாது. பொத்தான் அழுத்தித் திறக்கும் சிறு எஃகுப் பெட்டி, கட்டிலோடு திருகி முடுக்கியது, நூறு டாலர் சுற்றி ஆகும். ஆக 200 துப்பாக்கிக்கு, 100 தோட்டாவுக்கு, 100 பெட்டிக்கு. பெட்டியை முதலில் வாங்குங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நாள் அதைத் திறந்து பழகுங்கள், உள்ளே ஒரு டார்ச் விளக்கை மட்டும் வைத்து. மனைவியையும் திறக்கச் சொல்லுங்கள். அவர் அப்போதும் வேண்டாம் என்றால், டார்ச் உள்ளேயே இருக்கட்டும்.