குளியலறையில் இருப்பதும் பழ ஈதானா?

கேள்வி: சமையலறையில் வாழைப்பழத்தை மொய்க்கும் குட்டி ஈக்களும் குளியலறைச் சுவரில் உட்கார்ந்திருப்பவையும் ஒன்றா? பினாயில் ஊற்றியும் போகவில்லை.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பெரும்பாலும் இரண்டும் வேறு. ஒன்றிரண்டைப் பிடித்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். உடல் 3 மி.மீ. அளவில், மஞ்சள் கலந்த பழுப்பாக, கண் சிவந்திருந்தால் பழ ஈ. சில இனங்களுக்குக் கண் கறுத்திருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இறக்கை முழுக்க மயிரடர்ந்து, குட்டி அந்துப்பூச்சி மாதிரி சுவரில் ஒட்டியிருந்தால் சாக்கடை ஈ.

பலரும் பழ ஈ என்று நினைத்து ஏமாறுவது, முதுகு கூனிய இன்னொரு ஈயைப் பார்த்துத்தான். விரட்டினால் உடனே பறக்காது, நின்று நின்று ஓடும். பின்னங்கால் தொடை பருத்திருக்கும். இறக்கையின் முன்விளிம்பு நரம்புகள் மட்டும் தடித்திருக்கும். தரைக்கடியில் கழிவுநீர்க் குழாய் உடைந்து மண் ஊறியிருந்தாலும் இது பெருகும். அப்போது குழாயைச் சரிசெய்யாமல் தீராது.

எங்கிருந்து வருகிறது என்று அறிய, தண்ணீர் போகும் துளையின்மேல் செல்லோடேப்பைப் பசைப்பக்கம் கீழே இருக்குமாறு, கொஞ்சம் இடைவெளி விட்டு இரவில் ஒட்டுங்கள். காலையில் அதில் சிக்கியதை லென்ஸில் பாருங்கள். சாக்கடை ஈயின் புழுக்கள் குழாயின் உட்புறப் பிசுக்குக்குள் வாழ்கின்றன; பினாயில் மேலாக வழிந்து ஓடிவிடும். நீளப் பிரஷால் பிசுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே வெந்நீர் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி குழாய் இளகிவிடும்.