குருசுமலை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் பாறசாலைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். பரம்பரையாக லத்தீன் கத்தோலிக்கர்கள். மூன்று வருஷமாக நான் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன், மனந்திரும்புதல் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அம்மா ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் முழுக்க மீன்கூடத் தொடமாட்டார், முட்டுவலியோடு வருஷம் தவறாமல் உச்சியில் சிலுவை நிற்கும் வெள்ளறடை குருசுமலைக்கு யாத்திரையாக ஏறுவார். உள்ளம் மாறாமல் மலை ஏறி என்ன பயன் என்று கேட்டேன். சண்டையாகி இரண்டு மாதமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கிறிஸ்து கேட்டது உள்ளத்தையா, சடங்கையா? நேரடியாகச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உள்ளத்தைத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதைச் சொல்ல ஜெபக்கூட்டத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை, உங்கள் அம்மா போகிற கோயிலிலேயே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் பூசுகிற நாள். பூசுவதற்கு முன்னால் வாசிப்பது யோவேல் தீர்க்கதரிசியை: உடையைக் கிழிக்காதே, நெஞ்சைக் கிழி என்கிறார். அன்றைக்கு நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரம். நோன்பிருந்தால் முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், நீ நோன்பிருப்பது ஆளுக்குத் தெரியவேண்டாம் என்கிறது. அதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் வரிசையில் நின்று நெற்றியைக் காட்டுகிறோம். சின்ன வயதில் எனக்கு இது பெரிய முரண்பாடாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சடங்கு எங்கே கெட்டுப்போகும் என்பதை அந்தச் சடங்கின் நடுவிலேயே வைத்து வருஷாவருஷம் வாசிக்கச் சொன்னவர்கள் மனிதனை நன்றாக அறிந்தவர்கள். உங்கள் அம்மா அந்த வாசகத்தை உங்களைவிட இருபது முப்பது தடவையாவது அதிகமாகக் கேட்டிருப்பார்.

சடங்குக்காரர்கள் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். நம் பக்கத்துக் கதையே இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார், 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், 2022இல் புனிதராக அறிவித்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றியதோடு அவர் நின்றிருந்தால் அந்த அளவுக்குப் பகை வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். சாதி பார்க்காமல் எல்லோரோடும் சமமாகப் பழகினார், அதைத்தான் சுற்றியிருந்தவர்களால் தாங்க முடியவில்லை. அதே வடக்கன்குளத்தில் பிற்பாடு ஒரு கோயில் கட்டினார்கள். ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாதிப் பிரிவு. பூசை ஒன்று, நற்கருணை ஒன்று, நடுவில் தடுப்பு. 1910இல்தான் அந்தத் தடுப்பை இடித்தார்கள், அதற்கும் வழக்கு நடந்தது. அங்கே முழங்காலிட்டவர்கள் செபத்தில் ஒரு வரியைக்கூட விட்டிருக்கமாட்டார்கள். உங்கள் கோபத்துக்கு இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. உள்ளமும் சடங்காகும். எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய் என்று கேட்பதும், கூட்டத்தில் எழுந்து நின்று அழுது சாட்சி சொல்வதும், அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே மாதிரி அழுவதும் நான் அருகில் இருந்து பார்த்தவைதான். அதில் உண்மையானவர்களும் இருந்தார்கள், மலையேறுகிறவர்களில் இருப்பதுபோலவே. அதனால் உள்ளே, வெளியே என்று கோடு போட்டுப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். யாருக்குத் தப்பு செய்தேனோ அவரிடம் போனேனா இல்லையா, அது ஒன்றைத்தான் இப்போது பார்க்கிறேன். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரிவசூல்காரன் சகேயு, இறங்கியதும் உள்ளம் மாறிவிட்டது என்றா சொன்னான்? ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு கய்யாலைத் தகராறு, எல்லை மண்சுவர்த் தகராறு. நடுவில் நின்ற அயனி மரம் யாருக்கு என்பதில் தொடங்கி ஒன்பது வருஷம் பேச்சில்லை. ஒரு வருஷம் பெரிய வியாழனுக்கு, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, பாதம் கழுவ உட்காரவைத்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேருமே இருந்தார்கள். மத்தியானமே அப்பா கிணற்றடியில் உட்கார்ந்து தேங்காய்த் தொண்டால் குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்தார், வெடிப்பில் இருந்த ரப்பர்பால் கறை போகவே இல்லை. சாமியார் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டபோது அப்பா அந்தக் குதிகாலை உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை, இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் வீட்டுக்கு வந்தார்கள். ஆடி மாத மழையில் ஒருநாள் விடியும் முன்னே அப்பா மண்வெட்டியோடு போய் அதிர்க்கல்லைப் பிடுங்கி, அயனிமரத்துக்கு இந்தப் பக்கமாக நட்டுவிட்டு வந்தார். என்ன காரியம் என்று அம்மா கேட்டபோது, 'அது அண்ணனுக்க மண்ணுதான்' என்றார். அப்புறம் கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாதம் கழுவிய சடங்கால்தான் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குச் சம்பந்தமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் வருகிறதே, அதைத் திரும்ப வாசியுங்கள். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்று இருக்கிறது. அப்புறம் திரும்பி வந்து காணிக்கையைச் செலுத்து என்றும் இருக்கிறது, தூக்கி எறி என்று இல்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத்திரும்ப வாசித்தது அந்த ஒரு வரியைத்தான், இரண்டு மாதமாகப் பேச்சில்லை என்பதை. குருசுமலையைப் பற்றி அம்மாவோடு அப்புறம் பேசிக்கொள்ளலாம், பேசாமலும் விடலாம். இன்றைக்கு ராத்திரி கூட்டம் முடிந்து வந்ததும் நேராக அடுக்களைக்குப் போய், 'அம்மா, கஞ்சி இருக்கா?' என்று கேளுங்கள்.