மனதைக் கண்ணால் பார்க்க முடியாது, பிறகு உளவியல் எப்படி அறிவியல் ஆகும்?

பார்க்க முடியாதுதான். ஆனால் ஒரு வேலைக்கு மனம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்கலாம். வீட்டிலேயே செய்து பாருங்கள்.

இரண்டு தாள், சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு ஸ்கெட்ச் பேனா, செல்போனில் ஸ்டாப்வாட்ச். முதல் தாளில் 40 சிறு கட்டங்களுக்கு வண்ணம் அடியுங்கள், நிறத்துக்கு 10. இரண்டாவதில் கட்டங்களுக்குப் பதில் 40 நிறப்பெயர்கள், ஆனால் பெயர் ஒன்று, மை வேறு: 'சிவப்பு' என்பதைப் பச்சையில் எழுதுங்கள். எதிரில் இருப்பவர் முதல் தாளில் கட்டங்களின் நிறத்தையும், இரண்டாவதில் எழுத்தை விட்டுவிட்டு மையின் நிறத்தை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். தவறினால் திருத்திவிட்டுத் தொடரலாம். இரண்டாவது தாளில் நிச்சயம் திணறுவார்.

ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் 1935ல் வெளியிட்ட சோதனை இது. 100 பேர், தாளுக்கு 100 உருப்படி. கட்டங்களுக்குச் சராசரியாக 63.3 நொடி ஆனது. முரண்பட்ட சொற்களுக்கு 110.3 நொடி. வேறு 70 பேரிடம் மையைக் கண்டுகொள்ளாமல் சொல்லை வாசிக்கச் சொன்னபோது, கருப்பு மையில் இருந்த சொற்களை வாசிப்பதைவிடக் கூடியது வெறும் 2.3 நொடி. என்னைக் கேட்டால் இந்த ஒருபக்கச் சாய்வுதான் சோதனையின் உயிர். பழகிப்போன வாசிப்பு, வேண்டாம் என்றாலும் முந்திக்கொள்கிறது.

சொதப்பும் இடங்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே வரிசையில் தாளைக் கொடுத்தால், வேறுபாடு வாசிப்புப் பழக்கத்தாலா சோர்வாலா என்று பிரிக்க முடியாது; பாதிப் பேருக்கு வரிசையை மாற்றுங்கள். ஒரு நிறத்தின் பெயரைச் சொல்ல இன்னொன்றைவிட நேரம் பிடிக்கலாம், அதனால் இரண்டு தாளிலும் ஒவ்வொரு நிறமும் சமமாக வர வேண்டும். ஊதா வேண்டாம், நீலத்தையே ஊதா என்பவர்கள் நம்மிடம் நிறைய. 'நீலம்' என்ற சொல்லுக்கு அடுத்து வரும் சொல்லின் மை நீலமாக இருந்தால் தாமதம் இன்னும் கூடும், அப்படி அடுக்காதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களைச் சேர்க்காதீர்கள். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எல்லாம் கெட்டது. ஒருவருடைய நொடிகளை வைத்து அவருக்குக் கவனக்குறைவு என்று முத்திரை குத்துவதும் தப்பு. நாம் பார்ப்பது பலருடைய சராசரியை.

இது அறிவியலாவது ஸ்டாப்வாட்சால் அல்ல. காரணம் வாசிப்புதான் என்றால், தமிழ் பேசத் தெரிந்து எழுத்து தெரியாதவருக்கு இந்தத் திணறல் இருக்கக் கூடாது. வெளிமாநிலத்தில் படித்து வளர்ந்த, தமிழ் வாசிக்கத் தெரியாத உறவுக்காரப் பிள்ளைகள் சிலரிடம் அதே தாள்களைக் கொடுங்கள். அவர்களும் அதே அளவு தாமதித்தால் மேலே சொன்ன விளக்கத்தைக் கைவிட வேண்டியதுதான்.