எலாஸ்டிக் நூலை ஒரு சாண் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: நான்கு வயது மகளுக்கு மார்பில் சுருக்கம் வைத்த கவுன் தைக்க எலாஸ்டிக் நூல் வாங்கினேன். மெஷினிலேயே பாபினில் (அடிநூல் சுற்றும் உருளையில்) சுற்றித் தைத்தேன். ஒரு இடத்தில் கொத்தாகச் சுருங்குகிறது, பக்கத்திலேயே தட்டையாக நிற்கிறது. கடைக்காரர் மட்டமான நூலைத் தலையில் கட்டிவிட்டாரா?

பதில்: ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஒரு சாண் நூலை இரண்டு சாண் வரும்வரை மெல்ல இழுத்து விடுங்கள். பழையபடி ஒரு சாணுக்கே திரும்பினால் நூலில் குறையில்லை. நீண்டபடியே தொங்கினாலோ, இழுக்கும்போது உள்ளே இற்றுப்போவது விரலில் தெரிந்தாலோ அது பழைய சரக்கு. எலாஸ்டிக் நூலின் நடுவில் ரப்பர் அல்லது ஸ்பான்டெக்ஸ் (ரப்பர்போல் நீளும் செயற்கை இழை) இருக்கும். பாலியஸ்டரையோ பருத்தியையோ அதன்மேல் சுற்றியிருப்பார்கள். ரப்பர் காய்ந்துபோனாலும் மேல்நூல் புதிதுபோலவே இருக்கும். அதனால் கண்ணால் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். வெயில் படும் அலமாரியில் கிடந்த நூல்கண்டு வேண்டவே வேண்டாம்.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் சுற்றியதில்தான். மெஷினில் சுற்றும்போது நூல் ஒரு சமயம் இறுகியும் ஒரு சமயம் தளர்ந்தும் ஏறுகிறது. அதே ஏற்ற இறக்கம் துணியிலும் வரும். கையால், இழுக்காமல், ஒரே சீராகச் சுற்றுங்கள். பாபினை அதன் கூடான பாபின் கேஸில் போட்டதும் இன்னொன்றையும் பாருங்கள்: கேஸின் பக்கத்தில் நூலை அழுத்திப் பிடிக்கும் சின்னத் தகட்டுக்கு அடியில் நூல் இறங்கியிருக்கிறதா? எலாஸ்டிக் நூல் தடிமனானது, பல சமயம் தகட்டுக்கு மேலேயே நின்றுவிடும். அப்படி நின்றால் சுருக்கமே விழாது. இறங்கியும் சுருக்கம் போதவில்லையென்றால் தகட்டின் திருகைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். இதற்கென்று தனியாக ஒரு பாபின் கேஸ் வாங்கிவைப்பது நல்லது. வழக்கமான தையலுக்கு வைத்த திருகைத் தொட வேண்டியிருக்காது.

மேலே சாதாரண நூல்தான். துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கட்டும், தையலை நீளமாக வையுங்கள். 22 அங்குல மார்புக்கு 36 முதல் 40 அங்குல அகலம் துணி எடுக்கலாம். மல், வாயில், கேம்பிரிக் மாதிரி மெல்லிய துணி அழகாகச் சுருங்கும். தடித்த துணியில் நூலுக்கு வலு போதாது. முதல் வரிசையில் சுருக்கம் கொஞ்சமாகத்தான் வரும், பயந்துவிடாதீர்கள். இரண்டாவது வரிசையிலிருந்து ஏற்கெனவே சுருங்கிய துணியைக் கையால் இழுத்துத் தட்டையாகப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும். வரிசைக்கு ஒரு கெஜம் வைத்தாலும் பத்து வரிசைக்குப் பத்து கெஜம் ஆகிறது. இந்த நூல் பாபினில் கொஞ்சம்தான் கொள்ளும். பாதி வரிசையில் தீர்ந்தால் மனசு விட்டுப்போகும், ஒவ்வொரு வரிசைக்கு முன்பும் எட்டிப் பாருங்கள்.

தைத்து முடித்ததும் அயர்ன் பாக்ஸைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்து நீராவி மட்டும் காட்டுங்கள். சுருக்கம் கண்ணெதிரே இறுகும். அப்புறம் குழந்தைக்குப் போட்டுப் பார்க்காமல் பக்கத்தை மூட்டாதீர்கள். கழற்றும்போது தோலில் சிவப்பாக வரி பதிந்திருந்தால் அது இறுக்கம்தான். ஒன்றிரண்டு வரிசையைப் பிரித்துவிடுங்கள். ரப்பர் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் ஸ்பான்டெக்ஸ் நூலாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய சுருக்கக் கவுன் இரண்டு முறை துவைத்ததிலேயே வரிசை வரிசையாகப் பிரிந்துவிட்டது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. முதலில் கடைக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள்.

ஆலையில் இந்தச் சுருக்கத்தைப் பெரும்பாலும் பல ஊசி மெஷினில் சங்கிலித் தையலாகப் போடுவார்கள். அதன் நுனி பக்கத் தையலுக்குள் மாட்டியிருக்க வேண்டும். மாட்டாமல் விட்டால் ஒரு இழையை இழுத்தாலே வரிசை முழுதும் கழன்று வந்துவிடும். உங்கள் கவுனை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலில் நுனிகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். தொங்கினால் அதுதான் உங்கள் சாட்சி. அதை வெட்டிவிடாமல் போட்டோ எடுத்துக்கொண்டு, பில்லோடு கவுனை அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.